பன்னிரண்டில் மூன்று

மார்ச் 4

பதினொரு வருடத்துக்குப் பிறகு இன்று வெள்ளைக் கோட்டு போட்டேன். என் பழைய கோட்டில் பொத்தான் சேரவில்லை. ரூபன் சார் தன் கூடுதல் கோட்டை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் ரூபன் தேவசகாயம், இந்த ஆய்வகத்தின் தலைவர். என்னைவிட ஏழு வயது இளையவர். அவர் என்னை மேடம் என்கிறார். நான் அவரைச் சார் என்கிறேன். இரண்டு பேருக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதே திருச்சி, அதே துறை, அதே மூன்றாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரம் மட்டும் இல்லை. குடும்பத்துக்காக ஆராய்ச்சியை விட்ட பெண்கள் திரும்பி வர அரசாங்கம் வைத்திருக்கும் திட்டத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருடம். ஆனால் ஜூன் மாதம் ஒரு குழு வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மீதி.

நான் அப்போது எழுதிய கட்டுரையை வைத்துத்தான் எடுத்தார்கள். ரூபன் சார் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மங்கையர்க்கரசி என்ற பெயர் முதலில், பேராசிரியர் ஹபீபுல்லா என்ற பெயர் இரண்டாவது. அதன் முன்னால் நிற்க ஒரு மாதிரியாக இருந்தது.

மார்ச் 6

மகள் யாழிசைக்கு இன்று விளக்கினேன். நான்காம் வகுப்பு. "நீ என்னதாம்மா பண்ற அங்க?" என்று கேட்டாள்.

கண்ணாடிச் சில்லு ஒன்றின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. அதைச் சாராயக் கரைசல் ஒன்றில் முக்கிவைப்போம். கரைசலில் நீளநீளமான மூலக்கூறுகள் மிதக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் கந்தகம். கந்தகத்துக்குத் தங்கம் என்றால் உயிர். போய் ஒட்டிக்கொள்ளும். வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் நெருங்கி, ஒரே பக்கமாகச் சற்றே சாய்ந்து, காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி நிற்கும். ஒரே ஒரு அடுக்கு. தங்கத்தில் இடம் தீர்ந்ததும் தானாக நின்றுவிடும்.

"யாரு அடுக்குறது?"

"யாரும் இல்ல. அதுவா அடுக்கிக்கும்."

"சும்மா சொல்லாத."

ஒரு சதுர சென்டிமீட்டரில் நாலரைக் கோடி கோடி மூலக்கூறுகள் என்றேன். உன் தலைமுடி ஒன்றின் தடிமனுக்கு அந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இருபதாயிரத்துக்கும் மேல் வேண்டும் என்றேன். அவள் ஒரு முடியைப் பிடுங்கி டியூப்லைட் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருபது வயதில் இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. இப்போதும் அப்படித்தான்.

மார்ச் 9

கந்தக நாற்றம் துப்பட்டாவில் ஏறிவிட்டது. சத்திரம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து போய், "கண்டக்டர், வண்டியில கேஸ் லீக் ஆவுது" என்றார். வண்டியை ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிப் பார்த்தார்கள். நானும் இறங்கி மற்றவர்களோடு நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14

முதல் சில்லுகளை இன்று சோதித்தோம்.

என் மூலக்கூறின் வால்நுனியில் குடை விரித்த மாதிரி ஒரு கிளைப்பகுதி இருக்கிறது. அப்படிப்பட்ட நுனிகள் நெருங்கி நின்றால் அதன் மேல் ரத்தத்தில் உள்ள புரதம் எதுவும் ஒட்டாது. ஒட்டாத பரப்பு கிடைத்தால் ஒரு சொட்டு ரத்தத்தில் எதைத் தேடுகிறோமோ அதை மட்டும் பிடிக்கும் கருவி செய்யலாம். மாரடைப்பு வருவதை முன்பே காட்டும் கருவியைச் செய்வதுதான் ரூபன் சாரின் திட்டம்.

சோதனை எளிது. பச்சையாக மின்னும் சாயம் கட்டிய புரதத்தைச் சில்லின் மேல் விட்டு, கழுவி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புரதம் ஒட்டியிருந்தால் பச்சை. ஒட்டவில்லை என்றால் இருட்டு. இருட்டுத்தான் வேண்டும்.

பச்சை.

ரூபன் சார் சிரித்தார். "முதல் தடவை யாருக்கு மேடம் வந்துருக்கு. அடுத்த செட்டு பாப்போம்."

மார்ச் 21

பச்சை.

மார்ச் 27

புதிய சாராயம், புதிய தங்கம். கண்ணாடிக் குடுவைகளையெல்லாம் அமிலக் கரைசலில் கொதிக்கக் கொதிக்கக் கழுவினேன். கையுறைக்குள் வியர்த்து விரல்கள் சுருங்கிப் போயின. கருவிகளுக்காக அறையை எப்போதும் பத்தொன்பது டிகிரியில் வைத்திருக்கிறார்கள். சில்லுகளை அங்கேயே ஒரு இரவு முழுக்க முக்கிவைத்தேன், அப்போது செய்தது போலவே.

காலையில் பச்சை. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு. குறைவு என்று நான்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 2

ரூபன் சார் மதியம் டீ குடிக்கும்போது கேட்டார். "அப்ப எத்தனை சில்லு மேடம் செஞ்சீங்க? பேப்பர்ல மூணுன்னு இருக்கு."

மூன்று என்றேன். பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது.

"மூணும் இருட்டா?"

"மூணும் இருட்டு."

"உங்க பழைய நோட்டு இருக்கா?"

லாப்டில் எங்கேயோ இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்றேன். கட்டுரையிலேயே எல்லா விவரமும் இருக்கிறதே, நோட்டு எதற்கு.

ஏப்ரல் 5

என் கணவர் சிவப்பிரகாசம் ஏணியைக் கொண்டுவந்து, "லாப்டுல என்னமோ எடுக்கணும்னியே" என்றார். அவர் பொன்மலை ரயில் பணிமனையில் இருந்து வந்த களைப்போடு நின்றார். அப்புறம் பார்த்துக்கலாம் என்றேன். ஏணி ஹாலிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 8

பச்சை. ஒன்பதாவது தடவை.

ஏப்ரல் 12

ஓசூரில் ரத்தப் பரிசோதனைக் கருவி செய்யும் கம்பெனியில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரூபன் சார் சுவரில் ஒட்டியிருந்த கட்டுரையைக் காட்டிப் பேசினார். நான் நன்றாகப் பேசினேன் என்று பிறகு சொன்னார். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

ஏணியை மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 19

இன்று ஓட்டுப் போடும் நாள், விடுமுறை. காலையிலேயே போய்விட்டு வந்தோம். விரலில் வைக்கும் மையில் இருக்கும் வெள்ளி உப்பு தோலோடு எப்படிச் சேர்கிறது என்று யாழிசைக்குச் சொன்னேன். "விடும்மா, ஓட்டு போட்டது நீ, எனக்கு எதுக்கு" என்றாள்.

அவர்கள் மதியம் தூங்கியதும் ஏணியைப் போட்டு ஏறினேன். கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால், துணிப்பையில், கறுப்பு அட்டை நோட்டு.

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை.

மூன்று இல்லை. பன்னிரண்டு. பன்னிரண்டு சில்லுகள் செய்தேன். மூன்று இருட்டு, ஒன்பது பச்சை. ஒன்பது பக்கங்களிலும் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்து, நேர்த்தியாக.

ஆகஸ்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். ஒன்பதில் ஏதோ அழுக்குப் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹபீபுல்லா சார் கேட்டார், "மூணும் ஒண்ணு போலத்தானம்மா வந்துச்சு?" ஆமா சார் என்றேன். அது பொய் இல்லை. மூன்றும் ஒன்று போலத்தான் வந்தன. மற்றவற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை.

இத்தனை வருடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், அவர் கேட்கவில்லை என்று.

ஏப்ரல் 22

சொல்லவில்லை. ரூபன் சாருக்குக் கூட்டம் இருந்தது.

ஏப்ரல் 23

சொல்லவில்லை.

ஏப்ரல் 25

சொன்னேன். நோட்டை மேசைமேல் வைத்து, பக்கங்களைத் திருப்பி, கோடு போட்டதையெல்லாம் காட்டினேன். முதல் இரண்டு பக்கம் அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது பக்கத்தில் முகம் மாறியது.

"அப்ப மத்த ஒம்பது?"

"எழுதல சார்."

அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த கட்டுரையைப் பார்த்தபடி நின்றார்.

"நான் எம்.எஸ்ஸி. செகண்ட் இயர் படிக்கிறப்ப இந்தப் பேப்பர லைப்ரரியில படிச்சேன் மேடம். இதப் படிச்சுட்டுத்தான் இந்த ஃபீல்டுக்கே வந்தேன். ஓசூர்க்காரங்ககிட்ட அன்னைக்கு என்ன சொன்னேன்னு தெரியும்ல."

"தெரியும் சார்."

"ஒரு மாசமா நான் கேக்குறேன். மூணு தடவையாவது கேட்டுருப்பேன்."

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. கட்டுரையைச் சுவரில் இருந்து பிய்க்கவும் இல்லை. ஒட்டிய டேப்பை நகத்தால் மெதுவாக உரித்து எடுத்து, மடித்து, மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"நோட்ட வச்சுட்டுப் போங்க" என்றார்.

வீட்டில் சிவப்பிரகாசத்திடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அப்ப அந்த மூணும் பொய்யா?"

"மூணும் உண்மைங்க. ஒம்பதும் உண்மை."

"அப்ப எதுக்கு மறைச்ச?"

அவர் என் தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 28

காரைக்காலுக்குப் போனேன். தஞ்சாவூர் வழியாகப் பேருந்து. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

ஹபீபுல்லா சார் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. மகன் கட்டிய வீட்டு மாடியில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "மும்தாஜு, யாரு வந்துருக்கான்னு பாரு, நம்ம மங்கை" என்றார். அவர் மனைவி நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். மறுபடி ஆராய்ச்சிக்கு வந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டதில் இருந்து இருவருக்கும் சந்தோஷம் என்றார். பேசவிடாமல் சந்தோஷப்பட்டார்கள். நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

அவர் நடுவில் குறுக்கிடவில்லை. நான் முடித்ததும் எழுந்து உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. மும்தாஜ் அம்மா என் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சார் மூக்குக் கண்ணாடியும் கட்டுரையின் பிரதியுமாக வந்து உட்கார்ந்து, முதல் பக்கத்தில் இருந்து படிக்க ஆரம்பித்தார். ஆறு பக்கம். நான் இருப்பது தெரியாதவர் மாதிரி படித்தார்.

"ஹைதராபாத் கருத்தரங்குல ஒருத்தர் எழுந்து கேட்டாரு, மூணே மூணுதானா, ரிப்பீட் பண்ணலையான்னு" என்றார். "என் மாணவி ஒண்ணு சொன்னா நான் ரெண்டாவது தடவை கேக்கறது இல்லன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் கேட்டுருக்கணும்" என்றார். "உன்னக் கேட்டுருக்கணும். மொத்தம் எத்தனன்னு ஒரு வார்த்த. கேக்காம இருந்தது எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு."

"சார், அப்படிச் சொல்லாதீங்க. தப்பு என்னோடது."

"பேரு ரெண்டு பேரோடது. பத்திரிகைக்கு லெட்டர் எழுது. பன்னெண்டையும் எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. கிளம்பும்போது மும்தாஜ் அம்மா வாசல்வரை வந்தார். சார் வரவில்லை.

மே 3

ஆய்வகத்துக்குப் போகிறேன், வருகிறேன். ரூபன் சார் வேலை சம்பந்தமாக மட்டும் பேசுகிறார். குடுவைகளைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

மே 7

காலை ஒன்பது மணிக்கு ரூபன் சார் போன் செய்தார். "மேடம், எங்க இருக்கீங்க?" பேருந்தில் என்றேன். "சீக்கிரம் வாங்க." அனுப்பிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

போனால் மேசை முழுக்கத் தாள். என் நோட்டின் பன்னிரண்டு சோதனைகளையும் தன் கையெழுத்தில் பெரிய கட்டமாகப் போட்டிருந்தார். தேதி, தங்கம் வாங்கிய இடம், கரைசல், எத்தனை மணி நேரம், யார் கழுவியது. ஓரத்தில் நான் கிறுக்கியிருந்ததைக்கூட விடவில்லை. 'தலைவலி' என்று ஒரு நாள். 'அம்மா போன்' என்று ஒரு நாள்.

"இந்த மூணு நல்லதும் என்னைக்குன்னு பாருங்க."

2013, மே 6. மே 7. மே 9.

"இங்க ஓரத்துல என்ன எழுதிருக்கீங்கன்னு படிங்க."

என் கையெழுத்துத்தான். 'கரண்ட் இல்லை.' அடுத்த நாள்: 'இன்னும் ட்ரான்ஸ்பார்மர் சரியாகவில்லை.' ஒன்பதாம் தேதி: 'ஜெனரேட்டர் ஏ.சி.க்குக் கிடையாதாம். அறையில் நிற்க முடியவில்லை.'

சட்டென்று எல்லாம் நினைவுக்கு வந்தது. துறை ட்ரான்ஸ்பார்மர் வெடித்து ஒரு வாரம் மின்சாரம் இல்லை. அக்கினி நட்சத்திரம். மேலே மொட்டை மாடி. அந்த மூன்றாவது மாடி அறை அடுப்பாகக் கொதித்தது. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் கல்யாண அவசரத்தில் வந்து சில்லுகளை முக்கிவைத்துவிட்டு ஓடினேன்.

"சூடு" என்றேன்.

"சூடு" என்றார் அவர்.

இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். பிறகு ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தோம். குடை விரித்த நுனி. குளிரில் முதலில் வந்த மூலக்கூறு விழுந்த இடத்திலேயே சாய்ந்து கிடக்கும். குடை பெரிதாக இருப்பதால் பக்கத்தில் இன்னொன்று நுழைய முடியாது. நடுவில் ஓட்டை, அதில் புரதம் போய் உட்காரும். சூட்டில் அவை அசையும். தங்கத்தின் மேல் நகரும். கிடந்தவை எழுந்து நிற்கும், இடம்விடும், அடுத்தது வரும். இரண்டு மாதமாக நான் அவற்றைக் குளிரில் விறைக்க வைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடத்துக்கு முன்பும் ஒன்பது முறை அதையே செய்தேன்.

ஒன்பதையும் சேர்த்து எழுதியிருந்தால், யாராவது ஒருவர் இந்தக் கட்டத்தைப் போட்டிருப்பார். ஒரு காலைப் பொழுதின் வேலை.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரூபன் சாரும் சொல்லவில்லை.

மே 8

வெந்நீர்த் தொட்டியில் நாற்பத்தைந்து டிகிரி. குடுவையை இறுக்க மூடி, வெளிச்சம் படாமல் சுற்றி, உள்ளே இறக்கினோம். பக்கத்து அறையில் பத்தொன்பது டிகிரியில் இன்னொரு குடுவை. ஒரே தங்கம், ஒரே கரைசல்.

மே 9

முதலில் குளிர்ச்சில்லு. பச்சை, எப்போதும் போல. சேறு மாதிரித் திட்டுத்திட்டாக.

பிறகு சூட்டில் இருந்தது. ரூபன் சார் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு விலகினார். நான் குனிந்தேன்.

இருட்டு.

விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. குவியத்தைத் திருப்பினேன். சில்லின் விளிம்பில், நான் இடுக்கியால் பிடித்த இடத்தில், மெல்லிய பச்சைக் கீறல். அந்தக் கீறலுக்கு அப்பால் ஒன்றுமில்லை. சில்லை நகர்த்தினேன். இருட்டு. இன்னும் நகர்த்தினேன். இருட்டு. அந்த இருட்டில் நாலரைக் கோடி கோடி மூலக்கூறுகள் ஒன்றுகூடத் தள்ளாடாமல் தோளோடு தோள் நிற்கின்றன. யாரும் வரிசைப்படுத்தவில்லை. நாங்கள் செய்தது கொஞ்சம் வெந்நீர் வைத்ததுதான். எத்தனையோ படித்திருக்கிறேன், ஆற்றல், சமநிலை, சமன்பாடு என்று. அத்தனையும் தெரிந்தும் நம்ப முடியவில்லை. கோயில் பிரகாரத்தில் நிற்பது போல நின்றேன்.

"மேடம், நானும் கொஞ்சம் பாத்துக்கிறேன்" என்றார் ரூபன் சார். மாறி மாறிப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

மே 21

பன்னிரண்டு சில்லுகள் செய்தோம், சூட்டில். பதினொன்று இருட்டு. ஒன்று பச்சை.

அந்த ஒன்று ஏன் என்று தெரியவில்லை. 'ஏன் என்று தெரியவில்லை' என்றே நோட்டில் எழுதினேன்.

ஜூன் 14

குழு வந்தது. மூன்று பேர். ரூபன் சார் புதிய முடிவுகளை முதலில் சொல்லலாம் என்றார். நான் பழையதை முதலில் சொல்கிறேன் என்றேன். காரைக்காலில் இருந்து கையெழுத்தாகி வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

அவர்களில் மூத்தவராக இருந்த அம்மையார் கேட்டார். "இத நீங்களே சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இல்லையா?"

"ஆமாங்க மேடம்."

"இந்தத் திட்டத்துக்கு உங்கள எடுத்ததே அந்தப் பேப்பருக்காகத்தான்."

"தெரியுங்க மேடம்."

வெளியே உட்காரச் சொன்னார்கள். அரை மணி நேரம். ரூபன் சார் எனக்காக வாதாடுவது கதவுக்கு வெளியே வரை கேட்டது. கடைசியில் செப்டம்பரோடு முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். திட்டத்தின் கீழ் மீண்டும் விண்ணப்பிக்கக் கூடாது. ஆய்வு ரூபன் சாரின் பெயரில் தொடரலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சிவப்பிரகாசம் கடைக்குப் போய் எனக்குப் பிடித்த பால்கோவா வாங்கி வந்தார். எதற்கு என்று கேட்டேன். தெரியலை, வாங்கணும்னு தோணிச்சு என்றார்.

ஜூலை 29

திருத்தம் வெளிவந்துவிட்டது. பத்திரிகையின் இணையப் பக்கத்தில், ஒரு பக்கத்துக்கும் குறைவு. பன்னிரண்டு சில்லுகளின் பட்டியல், அறையின் வெப்பம், நாற்பத்தைந்து டிகிரி வெந்நீரில் கிடைத்த புதிய முடிவு, எங்கள் இருவர் பெயர். ஹபீபுல்லா சாருக்கு அனுப்பினேன். 'படித்தேன்' என்று ஒரே வார்த்தையில் பதில். மாலையில் இன்னொரு செய்தி வந்தது: 'நாற்பத்தைந்துக்கு மேல் போனால் என்ன ஆகிறது?'

மூன்று முறை படித்தேன்.

ஆகஸ்ட் 8

இன்று ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் ரஞ்சிதா கலிதா. கேள்விப்படாத பெயர். ஆங்கிலத்தில் இருந்ததை இங்கே என் மொழியில் எழுதிவைக்கிறேன்.

'நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். 2015இல் நான் வடகிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். உங்கள் கட்டுரையைத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. பதினாறு மாதம் செய்தேன். நாற்பத்தொரு சில்லுகள். எல்லாம் பச்சை. திருச்சியில் ஒரு பெண்ணுக்கு மூன்றுக்கு மூன்று வந்திருக்கிறது, உனக்கு வரவில்லை என்றால் உன் கை சரியில்லை, ஆய்வகம் உனக்கு ஒத்துவராது என்றார் என் வழிகாட்டி. விட்டுவிட்டேன். இப்போது ஜோர்ஹாட்டில் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பிள்ளைகள் முன்னால் சோதனை செய்து காட்டும்போது இன்னும் கை நடுங்கும். நேற்று ஒரு தோழி உங்கள் திருத்தத்தை அனுப்பினாள். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். எங்கள் அறை ஒரு நாளும் அவ்வளவு சூடானதே இல்லை. அதுதானா?'

காலை பத்து மணிக்குப் படித்தேன். மாலை ஐந்து வரை வேறு வேலை ஓடவில்லை. அவருக்கு எழுதினேன், அழித்தேன். மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது. அதையும் அழித்தேன்.

கடைசியில் இதை மட்டும் அனுப்பினேன்: 'அதுதான். உங்கள் கையில் எந்தக் குறையும் இல்லை. நான் ஒன்பதை மறைத்தேன், அதற்கான தண்டனையை நீங்கள் அனுபவித்தீர்கள். என்னால் அதைத் திருப்பித் தர முடியாது. உங்கள் நோட்டு இருக்கிறதா?'

ஆகஸ்ட் 10

இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நாற்பத்தொரு பக்கம். ஒன்றில்கூடக் குறுக்குக் கோடு இல்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வலது மூலையில், தேதிக்குக் கீழே, அன்றைய அறையின் வெப்பம். யாரும் கேட்காமலேயே எழுதியிருக்கிறார். ஜனவரியில் பதினொன்று. மார்ச்சில் பத்தொன்பது. ஆகஸ்டில் முப்பத்திரண்டு. பச்சை எவ்வளவு என்பதையும் ஒவ்வொரு முறையும் எண்ணாக அளந்து வைத்திருக்கிறார்.

ரூபன் சாரைக் கூப்பிட்டேன். நான் வாசிக்க வாசிக்க அவர் கணினியில் புள்ளி வைத்தார். பதினொன்றில் பச்சை உச்சத்தில். பதினைந்தில் அதற்குக் கொஞ்சம் கீழே. பத்தொன்பது, இருபத்து நான்கு, இருபத்தெட்டு. ஒவ்வொரு புள்ளியும் முந்தையதற்குக் கீழே போய் உட்கார்ந்தது. இருபதாவது புள்ளிக்குப் பிறகு அடுத்தது எங்கே விழும் என்று நாங்கள் முன்பே விரலால் காட்ட ஆரம்பித்தோம். அங்கேயே விழுந்தது. நாற்பத்தொன்று முடிந்ததும் எங்கள் சூட்டுச் சில்லுகளின் புள்ளிகளை அதோடு சேர்த்தார். மலைச்சரிவு மாதிரி ஒரே கோடு, ரஞ்சிதாவின் குளிரில் தொடங்கி எங்கள் வெந்நீர்த் தொட்டியில் வந்து இறங்கியது. நடுவில் ஒரு விரிசல் இல்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெண்களின் கையில், அந்த மூலக்கூறுகள் ஒரே விதிக்குத்தான் எழுந்து நின்றிருக்கின்றன.

ஒவ்வொரு டிகிரிக்கும் எத்தனை மூலக்கூறு இடம்பிடிக்கிறது என்பதை இப்படி அளந்து நான் எங்கும் படித்ததில்லை. அவர் தோல்வி என்று நினைத்த பதினாறு மாதமும் அந்தத் திரையில் இருந்தது.

ரூபன் சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "மேடம், இது புதுப் பேப்பர். திருத்தம் இல்ல, தனிப் பேப்பர்."

"ஆமா சார்."

"முதல் பேரு யாரோடது போடறது?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தேன். ரஞ்சிதா கலிதா.